அடுக்குமாடிக் கட்டடத்தின் பூட்டுகளை முதன்முறை பொறுப்பேற்பவர்களுக்கு: கோலாலம்பூரிலிருந்து ஒரு வழிகாட்டி

செந்தூல் பக்கம் 17 மாடிக் கட்டடம் ஒன்றின் பூட்டு, கதவு, கார்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தபோது எனக்கு நல்ல தைரியம் இருந்தது. பிரிக்பீல்ட்ஸில் மாமாவின் சாவிக் கடையில் நான்கு வருஷம் இருந்தவன். சாவி வெட்டத் தெரியும், பூட்டைத் திறக்கத் தெரியும், வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். கடையில் ஒரு பூட்டு, ஒரு சாவி, எதிரே ஒரு வாடிக்கையாளர். கட்டடத்தில் அப்படியில்லை. ஒரே கதவை நூறு குடும்பம் பயன்படுத்துகிறது. அதை யார் பூட்டச் சொன்னது, யார் திறக்கச் சொன்னது, சாவி யார் கையில் இருக்கிறது என்ற கேள்விக்கெல்லாம் பதில் உங்களிடம் இருக்க வேண்டும். என்னிடம் இல்லை. முதல் மூன்று மாதம் அலைந்து அலைந்துதான் கற்றுக்கொண்டேன்.

நிர்வாக அலுவலகத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்தவர்களுக்கும், சொந்தமாகக் கான்ட்ராக்ட் எடுக்கப் போகிறவர்களுக்கும் இது உதவும். இதில் வரும் பொருள் விலைகள் கோலாலம்பூரும் சுற்றுவட்டாரமுமான கிள்ளான் பள்ளத்தாக்கில் நான் கொடுத்தவை. கடைக்குக் கடை கொஞ்சம் ஏறும், இறங்கும்.

1. ஒப்புக்கொள்ளும் முன் காகிதங்கள்

சொந்தமாகச் செய்வதானால் முதலில் எஸ்எஸ்எம் எனும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிவு. தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும். உங்கள் அடையாள அட்டைப் பெயரிலேயே என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), கடைப்பெயர் வைத்தால் 60 வெள்ளி. அந்த ஆணையத்தின் எஸ்பிஸ் (EzBiz) இணையவாசலில் வீட்டிலிருந்தே முடித்துவிடலாம். ஐந்து ஆண்டு வரை சேர்த்துக் கட்டலாம். சேர்த்தே கட்டிவிடுங்கள். பதிவு காலாவதியானால் உங்கள் பில்லை நிர்வாகம் திருப்பி அனுப்பிவிடும்.

அடுத்தது பெர்கெசோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் காப்பு. சொந்தத் தொழில் செய்பவர்களுக்கான திட்டம் சட்டம் 789இன் கீழ் வருகிறது. மிகக் குறைந்த திட்டத்துக்கு ஆண்டுக்கு 157.20 வெள்ளி. ஏணியில் ஏறி, டிரில் பிடித்து வேலை செய்கிற ஆள் இது இல்லாமல் இருக்கக்கூடாது. பல நிர்வாகங்கள் பொதுப் பொறுப்புக் காப்புறுதியும் கேட்கும். கேட்காவிட்டாலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம்விட முக்கியமானது நியமனக் கடிதம். பொதுவாசல், படிக்கட்டுக் கதவு, மீட்டர் அறை, பம்ப் அறை, குப்பை அறை, கார் நிறுத்துமிடத் தடுப்பு, லிஃப்ட் கார்டு ரீடர் என்று எது எது உங்கள் பொறுப்பு என்பது பெயர் பெயராக அதில் இருக்க வேண்டும். எனக்குக் கொடுத்த கடிதத்தில் ‘அனைத்துப் பூட்டுகளும்’ என்று ஒரே வரி. இரண்டாம் வாரமே கார் தடுப்பின் மோட்டார் நின்றது, அதுவும் என் தலையில் விழுந்தது. மோட்டார் வேறு, பூட்டு வேறு என்று விளக்கிப் புரியவைக்க இரண்டு கூட்டம் ஆனது. கடிதத்தில் இன்னொரு வரியும் கேளுங்கள்: உங்களுக்கு உத்தரவு கொடுக்க யாருக்கு அதிகாரம்? மேனேஜரா, குடியிருப்பு நிர்வாகக் குழுத் தலைவரா? குழு உறுப்பினர் ஒவ்வொருவரும் போன் போட்டு ஒவ்வொன்று சொல்ல ஆரம்பித்தால் வேலை நடக்காது.

230 வோல்ட் இணைப்பு புதிதாக இழுக்க வேண்டியிருந்தால் எரிசக்தி ஆணையத்தில் பதிந்த வயர்மேனைத்தான் அழைக்க வேண்டும். கார்டு ரீடர், காந்தப் பூட்டு எல்லாம் 12 வோல்ட், அது உங்கள் கை வேலை. அதற்கு மின்சாரம் கொடுக்கும் சுவர் முனை உங்கள் வேலை இல்லை.

2. சாவிகளை எண்ணி, கையெழுத்து வாங்கி, அப்புறம் தொடுங்கள்

முதல் நாள் மேனேஜர் சாவிப் பெட்டியைத் திறந்து காட்டினார். பெட்டியில் கொக்கிகள் இருந்தன, பாதி காலி. பெட்டிக்குக் கீழே ஒரு பெரிய மைலோ டின். அது நிறையச் சாவி, ஒன்றிலும் எழுத்து இல்லை. சிலதில் நூல் கட்டியிருந்தது, ஒன்றில் மட்டும் கறுப்பு மார்க்கரில் ‘பம்ப்’ என்று பாதி அழிந்த எழுத்து. எண்ணிப் பார்த்தேன், 143. கட்டடத்தில் பூட்டுள்ள பொதுக் கதவுகளோ 61.

நான் செய்த தவறு, அன்றைக்கே வேலையைத் தொடங்கியது. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். முந்தைய ஆள் இருந்தால் அவரை வைத்துக்கொண்டு, இல்லாவிட்டால் மேனேஜரை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சாவியாக எண்ணிப் படம் எடுத்து, ‘இத்தனை சாவி பெற்றுக்கொண்டேன், இந்தக் கதவுகளுக்குச் சாவி இல்லை’ என்று இருவரும் கையெழுத்துப் போடுங்கள். மூன்றாம் மாதம் ஒரு ஸ்டோரில் பொருள் காணாமல் போனபோது, அந்தச் சாவி என்னிடம் வரவே இல்லை என்று காட்ட என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. ஒரு வாரம் தூக்கமில்லாமல் கிடந்தேன். பொருள் வேறிடத்தில் கிடைத்ததால் தப்பித்தேன்.

அப்புறம் கதவு கதவாகப் போய் சாவியைப் பொருத்திப் பாருங்கள். இதற்கு மூன்று முழு நாள் ஒதுக்குங்கள். பொருந்தியதற்குக் குறியீட்டு எண் கொடுத்து வில்லை மாட்டுங்கள். வில்லையில் ‘மீட்டர் அறை, 5ஆம் மாடி’ என்று எழுதவே கூடாது. தொலைந்த சாவியைக் கண்டெடுப்பவருக்கு நாமே வழி சொன்னதாகிவிடும். ‘க-17’ போல ஏதாவது எழுதுங்கள். எந்த எண் எந்தக் கதவு என்ற நோட்டு வேறு அலமாரியில் இருக்கட்டும்.

மாஸ்டர் சாவி இருந்தால் அதற்குத் தனி மரியாதை வேண்டும். அது தொலைந்தால் அது திறக்கும் அத்தனை சிலிண்டரையும் (பூட்டில் சாவி நுழையும் உருளை) மாற்ற வேண்டியிருக்கும். நல்ல சிலிண்டர் ஒன்று 60 முதல் 150 வெள்ளி. அதைக் கதவுகளின் எண்ணிக்கையால் பெருக்கி, அந்தத் தொகையை மேனேஜரிடம் ஒருமுறை சொல்லிவிடுங்கள். அதன் பிறகு மாஸ்டர் சாவியை யாரும் சும்மா கேட்க மாட்டார்கள். ஒரு சாவியை உறையில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தின்மேல் இருவர் கையெழுத்துப் போட்டு நிர்வாகப் பெட்டகத்தில் வையுங்கள். சாவித் தலையில் ‘நகல் எடுக்கக் கூடாது’ என்று பொறித்திருப்பதை நம்பாதீர்கள். நகல் எடுக்க நினைப்பவரை அந்த வாசகம் தடுக்காது. வெற்றுச் சாவியே வெளியில் கிடைக்காத, உரிமை அட்டை காட்டினால்தான் வெட்டித்தரும் சிலிண்டர் வகைதான் தடுக்கும்.

3. முதல் சுற்று: மக்கள் வெளியேறும் கதவுகள்

நான் வாசல் கதவிலிருந்து தொடங்கினேன். எல்லாருக்கும் கண்ணில் படுவது அதுதானே. நான்காம் நாள் லிஃப்ட் பழுது. பன்னிரண்டாம் மாடி ஆன்ட்டி ஒருவர் சந்தைப் பையோடு படிக்கட்டில் இறங்கி வந்தார். கீழ்த்தளத்துக் கதவு திறக்கவில்லை. வெளியாட்கள் அந்த வழியாக ஏறுகிறார்கள் என்று எப்போதோ யாரோ கைப்பிடியில் சங்கிலி போட்டுப் பெரிய மங்கா பூட்டு (தொங்குபூட்டு) மாட்டியிருந்தார்கள். அவர் உள்ளேயிருந்து தட்டுகிறார். நான் காவல் அறையிலிருந்து ஓடுகிறேன். அந்தப் பூட்டுக்கு எது சாவி என்று ஜாகாவுக்கும் (காவலாளி) தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. டின்னைக் கவிழ்த்துப் போட்டு ஒவ்வொன்றாக முயன்று, பதினோராவது சாவியில் திறந்தது. ஏழு நிமிஷம். அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “தம்பி, இதே நெருப்புன்னா நான் என்னப்பா செஞ்சிருப்பேன்?” என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அன்று மாலையே வேலை வரிசையை மாற்றினேன். உங்களையும் அதே வரிசையில் போகச் சொல்கிறேன். வெளியேறும் கதவுகள் முதலில், உள்ளே வரும் கதவுகள் அப்புறம்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. யுபிபிஎல் என்று எல்லாரும் சொல்லும் கட்டடத் துணைவிதிகளில் 173ஆம் விதி: வெளியேறும் கதவு எதுவானாலும் உள்ளிருந்து சாவி இல்லாமல், தனிப்பட்ட முயற்சியோ பயிற்சியோ இல்லாமல் திறக்க வேண்டும். விட்டவுடன் தானாக மூடிக்கொள்ள வேண்டும். காந்தம் பிடித்திருக்கும் கதவானால் மின்சாரம் போனாலும், தீ அபாய மணி அடித்தாலும் விட்டுவிட வேண்டும். இந்த விதியை ஒரு தாளில் மலாயில் அச்சடித்துக் கையில் வைத்திருங்கள். ‘அந்தக் கதவைப் பூட்டு’ என்று யாராவது சொல்லும்போது வாக்குவாதம் தேவையில்லை, தாளைக் காட்டினால் போதும்.

வெளியாள் வருகிற பிரச்சினையும் உண்மைதான், அதைத் தள்ளிவிட முடியாது. அதற்குத் தீர்வு தள்ளுகம்பிப் பூட்டு. உள்ளிருந்து இடுப்பால் தள்ளினாலே திறக்கும், வெளிப்பக்கம் கைப்பிடியே இருக்காது. ஒற்றைக் கதவுக்கு 200 முதல் 350 வெள்ளி வரை ஆனது. பணம் இல்லை என்றால் பேட்டரியில் ஓடும் கதவு அலாரம் 50 வெள்ளிக்குள் கிடைக்கும். யாராவது திறந்தால் கத்தும், ஜாகா வந்து பார்ப்பார். நாங்கள் கீழ்த்தளத்துக் கதவுக்குத் தள்ளுகம்பியும் மொட்டைமாடிக் கதவுக்கு அலாரமும் போட்டோம். சங்கிலியை நானே அறுத்தேன்.

படிக்கட்டுக் கதவுகளை இப்படிச் சோதியுங்கள். முழுக்கத் திறந்து விடுங்கள், பாதி திறந்து விடுங்கள், ஒரு சாண் அளவு திறந்து விடுங்கள். மூன்று முறையும் கதவு தானாக வந்து பூட்டின் நாக்கு ‘டக்’ என்று விழ வேண்டும். பெரும்பாலும் ஒரு சாண் சோதனையில்தான் தோற்கும். கதவைத் தானாக மூடவைக்கும் மேலேயுள்ள டோர் குளோசரில் இரண்டு திருகு இருக்கும். ஒன்று கதவு வரும் வேகத்துக்கு, இன்னொன்று கடைசித் தள்ளுக்கு. கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். முழுக்கக் கழற்றினால் எண்ணெய் பீறிட்டு வெளியே வரும், அப்புறம் அது குப்பைதான். ஏற்கெனவே எண்ணெய் கசிந்து கதவில் கோடு விழுந்திருந்தால் சரிசெய்ய முயல வேண்டாம், மாற்றுங்கள். 100 முதல் 180 வெள்ளி. தீத்தடுப்புக் கதவுக்குச் சான்று பெற்ற குளோசர்தான் போட வேண்டும்.

கதவு மூடாமலிருக்கச் செங்கல், பூந்தொட்டி, பழைய செருப்பு என்று முட்டுக் கொடுத்திருப்பார்கள். காற்று வரவில்லை என்பார்கள். எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, புகை படிக்கட்டில் ஏறினால் மேல்மாடிக்காரர்கள் இறங்க வழி இருக்காது என்று பொறுமையாகச் சொல்லுங்கள். ஒரு தடவை சொன்னால் கேட்க மாட்டார்கள். மூன்றாம் தடவை கேட்டார்கள்.

17 மாடி, இரண்டு படிக்கட்டு. சோதிக்க எனக்கு இரண்டு நாள், சரிசெய்ய மூன்று வாரம்.

4. காந்தப் பூட்டும் மின்சாரமும்

பொதுவாசலில் பெரும்பாலும் காந்தப் பூட்டுதான் இருக்கும், தொழிலில் ஈஎம் லாக் என்போம். சாதாரண அளவு 280 கிலோ பிடிக்கும். மின்சாரம் இருக்கும்வரை பிடிக்கும், போனால் விட்டுவிடும். இதற்கு எதிர்வகை, மின்சாரம் போனாலும் பூட்டியே நிற்கும் பூட்டு. அது ஸ்டோருக்குச் சரி, மக்கள் நடக்கும் வழிக்குச் சரியில்லை. கடைக்காரர் எதைக் கொடுத்தாலும் பெட்டியில் எந்த வகை என்று படித்துப் பார்த்தே வாங்குங்கள். நாக்கு வகை மின்பூட்டுகளில் வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

‘கதவு பிடிக்கவில்லை, இழுத்தால் வந்துவிடுகிறது’ என்று புகார் வந்தால் உடனே காந்தத்தை மாற்றாதீர்கள். கதவில் இருக்கும் இரும்புத் தகட்டைப் பாருங்கள். அதன் பின்னால் ஒரு ரப்பர் வளையம் இருக்கும், தகடு லேசாக ஆட வேண்டும். ஆடினால்தான் காந்தத்தோடு முழுக்க ஒட்டும். புதியவர்கள் ஆட்டத்தைப் பார்த்து ‘லூசாக இருக்கிறது’ என்று திருகை இறுக்கிவிடுவார்கள், பிடி போய்விடும். தகட்டில் பேப்பரோ டேப்போ ஒட்டியிருந்தாலும் இதே கதைதான். எங்கள் வாசலில் உணவு டெலிவரிக்காக யாரோ மடித்த ரசீது ஒன்றை அங்கே ஒட்டி வைத்திருந்தார்கள். அதை உரித்து, தகட்டை ஈரத்துணியால் துடைத்ததும் சரியாகிவிட்டது. முந்தைய வாரம் இதே கதவுக்குப் புதுக் காந்தம் வாங்க 250 வெள்ளி கேட்டு ஒருவர் கொட்டேஷன் கொடுத்திருந்தார்.

அவசரத்தில் அழுத்திக் கதவைத் திறக்கும் பச்சை நிற பிரேக் கிளாஸ் பெட்டி ஒவ்வொரு காந்தக் கதவுக்கும் உள்பக்கம் இருக்க வேண்டும். அதன் வயர் காந்தத்துக்குப் போகும் மின்சாரத்தை நேராக அறுக்க வேண்டும். சில இடங்களில் அதை, கார்டைச் சரிபார்த்துக் கதவைத் திறக்கும் கன்ட்ரோலரின் ‘வெளியேறும் பட்டன்’ முனையில் கட்டியிருப்பார்கள். கன்ட்ரோலர் உறைந்துபோனால் பெட்டியை உடைத்தாலும் கதவு திறக்காது. கண்டுபிடிப்பது சுலபம்: கன்ட்ரோலரை அணைத்து, காந்தத்துக்கு மின்சாரம் இருக்கும்படி வைத்து, பிரேக் கிளாஸை அழுத்துங்கள். கதவு விடவில்லை என்றால் வயரிங் தப்பு. அன்றைக்கே மாற்றுங்கள்.

தீ அபாயப் பெட்டியிலிருந்து வரும் வயரில் நீங்கள் கை வைக்கக் கூடாது. அது தீயணைப்புச் சாதன கான்ட்ராக்டரின் வேலை. அவர் ஆண்டுச் சோதனைக்கு வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, மணி அடிக்கும்போது கதவுகள் எல்லாம் விடுகின்றனவா என்று கூடவே நடந்து பாருங்கள். அவர் பெட்டியைப் பார்ப்பார், கதவைப் பார்க்க மாட்டார்.

கன்ட்ரோலருக்குத் துணையாக இருக்கும் பேட்டரி 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி, 50 வெள்ளி அளவில். இரண்டு மூன்று ஆண்டில் செத்துவிடும், வெயில்படும் பெட்டியில் இன்னும் சீக்கிரம். மாற்றிய தேதியைப் பேட்டரி மேலேயே எழுதுங்கள். கோலாலம்பூரில் மாலை இடிமழைக்கு மறுநாள் காலை ரீடர் ஒன்றாவது செத்துக் கிடக்கும், அதிலும் தடுப்புக் கம்பத்தில் வெளியே நிற்கும் ரீடர். மின்னழுத்தத் தடுப்பு போட 100 வெள்ளிக்கு உள்ளேதான் ஆகும். ரீடர் மாற்ற அதைப்போல மூன்று மடங்கு.

5. கார்டு பட்டியலைச் சுத்தம் செய்வது

எங்கள் கட்டடத்தில் 204 வீடு. கணினியில் உயிரோடிருந்த கார்டுகள் 1,130. காலிசெய்து போன வாடகைக்காரர்கள், வேலையைவிட்டுப் போன ஜாகாக்கள், பழைய துப்புரவுப் பணியாளர்கள் என்று எல்லார் கார்டும் கதவைத் திறந்துகொண்டிருந்தது.

ஒரே நாளில் எல்லாவற்றையும் முடக்கினால் ராத்திரி பத்து மணிக்கு வாசலில் குழந்தையோடு ஆள் நிற்பார். ஆறு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் நான்கு மொழியிலும் அறிவிப்பு. அடுத்த மூன்று வாரம் மாலையிலும் சனிக்கிழமையிலும் மேசை போட்டுப் பதிவு. பகலில் மட்டும் வைத்தால் வேலைக்குப் போகிறவர்கள் வரமுடியாது. கடைசி வாரம் வராதவர்களின் கதவைத் தட்டுங்கள். தீபாவளி, சீனப் புத்தாண்டு, ஹரிராயா பக்கத்தில் இதை வைக்க வேண்டாம், பாதி வீடு ஊருக்குப் போயிருக்கும். வாங்க வேண்டிய காகிதம்: உரிமையாளர் என்றால் அடையாள அட்டையும் வீட்டுப் பத்திரமோ மதிப்பீட்டு வரி பில்லோ, வாடகைக்காரர் என்றால் முத்திரை குத்திய வாடகை ஒப்பந்தம். அடையாள அட்டையைப் பார்த்துச் சரிபார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நகல் எடுத்துக் குவித்தால் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பாதுகாக்கும் பொறுப்பும் சேர்ந்து வரும்.

கார்டின் வகையும் தெரிந்திருக்க வேண்டும். 125 கிலோஹெர்ட்ஸ் பழைய கார்டை எளிய கருவி வைத்திருக்கும் யாரும் ஒரு நிமிஷத்தில் நகல் எடுக்கலாம். 13.56 மெகாஹெர்ட்ஸ் வகையில் மறையாக்கம் உள்ளவை பாதுகாப்பானவை. அதிலும் பழைய தலைமுறை கார்டுகளின் மறையாக்கம் உடைபட்டதுதான், புதிய தலைமுறையைக் கேட்டு வாங்குங்கள். மாற்ற ரீடர்களும் கார்டுகளும் சேர்த்து பெரிய தொகை ஆகும். அது ஆண்டுக் கூட்டத்தில் வைக்க வேண்டிய செலவு. நாலு மாதம் முன்கூட்டியே மூன்று கொட்டேஷனோடு மேனேஜரிடம் கொடுத்துவிடுங்கள்.

பராமரிப்புக் கட்டணம் கட்டாதவரின் கார்டை முடக்கச் சொல்வார்கள். 2015ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா (அடுக்குமாடிக் கூட்டுடைமை) பராமரிப்பு விதிமுறைகளின் மூன்றாம் அட்டவணை அதற்கு இடம் தருகிறது. கோரிக்கை கிடைத்து 14 நாளுக்குள் கட்டாதவருக்குத்தான் அது பொருந்தும். கட்டியபின் மீண்டும் உயிர்ப்பிக்க அதிகபட்சம் 50 வெள்ளிதான் வாங்கலாம். அவர் வீட்டுக்குப் போவதைத் தடுக்க முடியாது, காவல் அறை நோட்டில் கையெழுத்துப் போட்டுப் போய் வருவார். நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: வீட்டு எண்ணோடு எழுத்தில் உத்தரவு வராமல் ஒரு கார்டையும் முடக்காதீர்கள். போனில் சொன்னதை நம்பி நான் ஒரு வீட்டை முடக்கினேன். அவர்கள் முந்தின வாரமே கட்டியிருந்தார்கள். மழையில் நனைந்து நின்ற அந்தப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஏற்றுக்கொண்டார், எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

6. ‘வீட்டைத் திறந்து கொடு’ என்று கூப்பிட்டால்

பூட்டுத் தொழிலில் இருப்பவர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். குரலில் அவசரம் இருக்கும், சில சமயம் அழுகை இருக்கும். இருந்தாலும் காகிதம் பார்க்காமல் கருவியை எடுக்காதீர்கள்.

சாவியை உள்ளே விட்டுப் பூட்டிக்கொண்டவர் என்றால் அடையாள அட்டை, நிர்வாகத்தின் குடியிருப்போர் பட்டியலில் பெயர், இரண்டும் ஒத்துப்போக வேண்டும். அடையாள அட்டையும் உள்ளே இருக்கிறது என்பார்கள். சரி, மேனேஜரோ ஜாகாத் தலைவரோ நேரில் வந்து ‘இவர் இந்த வீட்டுக்காரர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும். திறந்தவுடன் அட்டையை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பகலில் 80 முதல் 120 வெள்ளி, நள்ளிரவில் 150 வரை நான் வாங்குகிறேன். தொகையைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். உள்ளே குழந்தையோ நோயாளியோ அடுப்பில் நெருப்போ இருந்தால் காகிதம் காத்திருக்கலாம், 999க்குப் போன் செய்யச் சொல்லிவிட்டு உடனே திறங்கள்.

வீட்டு உரிமையாளர் கூப்பிட்டு ‘வாடகைக்காரன் பணம் தரவில்லை, பூட்டை மாற்று’ என்றால் செய்யாதீர்கள். 1950ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் பிரிவு 7(2)இன்படி, ஒப்பந்தம் முடிந்துபோனாலும் குடியிருப்பவரை நீதிமன்றம் வழியாகத்தான் வெளியேற்றலாம். பத்திரம் அவர் பெயரில் இருப்பது போதாது. நீதிமன்ற உத்தரவோடு அமலாக்க அதிகாரி வந்தால் போங்கள். லெலோங்கில் (ஏலத்தில்) வீடு எடுத்தவர்களும் கூப்பிடுவார்கள். உள்ளே பொருளோ ஆளோ இருந்தால் அதே கேள்விதான், வக்கீலின் கடிதம் கேளுங்கள்.

கணவன் மனைவி சண்டையில் ஒருவர் மற்றவர் உள்ளே வர முடியாதபடி பூட்டச் சொன்னால் விலகிவிடுங்கள். இருவர் பெயரும் பட்டியலில் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

திருட்டு நடந்த வீடு என்றால் போலீஸ் புகார் எண் வாங்கியபின், அவர்கள் பார்த்துவிட்டுப் போனபின்தான் பூட்டைத் தொட வேண்டும். உடைந்த சிலிண்டரைத் தூக்கி எறியாமல் பையில் போட்டுக் கொடுங்கள்.

7. வீட்டு வாசற்கதவு, கிரில், டிஜிட்டல் பூட்டு

குடியிருப்போர் டிஜிட்டல் பூட்டு வாங்கி வந்து மாட்டித்தரச் சொல்வார்கள். பல கட்டடங்களில் வீட்டு வாசற்கதவே தீத்தடுப்புக் கதவு. கதவின் ஓரத்தில் கீல் பக்கம் சான்றுத் தகடு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கண்டபடி துளை போட்டால் அந்தச் சான்று செல்லாமல் போகும். தீத்தடுப்புக் கதவுக்கென்று சோதித்த பூட்டுதானா என்று காகிதம் கேளுங்கள், நிர்வாகத்தின் எழுத்து அனுமதியும் கேளுங்கள். அனுமதிக்கு ஒன்று இரண்டு வாரம் ஆகலாம் என்பதை வாங்குவதற்கு முன்பே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

மாட்டியதும் வீட்டுக்காரர் கையாலேயே தொழிற்சாலை ரகசிய எண்ணை மாற்றச் செய்யுங்கள், நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். அவசரச் சாவியை வீட்டுக்குள்ளேயே அலமாரியில் வைக்காமல் உறவினர் வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். பேட்டரி செத்தால் வெளியே உள்ள முனையில் 9 வோல்ட் பேட்டரியை வைத்துத் திறக்கும் வழியை ஒருமுறை செய்து காட்டுங்கள். இந்த ஐந்து நிமிஷத்தில் பாதி நள்ளிரவு அழைப்பு குறைந்துவிடும்.

கிரில்தான் எனக்குப் பெரிய கவலை. ராத்திரி படுக்கும் முன் உள்ளே மங்கா போட்டு, சாவியை அம்மா தலையணைக்கடியில் வைக்கும் வீடு நம்மவர்களில் எத்தனை. திருடனுக்குப் பயந்து செய்கிறார்கள், அந்தப் பயம் நியாயமானது. உள்ளிருந்து குமிழைத் திருப்பினால் திறக்கும் கிரில் பூட்டு 80 வெள்ளியிலிருந்து கிடைக்கிறது. வெளியேயிருந்து கை விட்டுத் திருப்ப முடியாதபடி பின்னால் ஒரு தகடு பற்றவைத்துவிடலாம். அதுவும் முடியாது என்றால், வெளியிலிருந்து எட்டாத தூரத்தில், கதவுப் பக்கம் ஒரு ஆணி அடித்து சாவியை அங்கேயே மாட்டச் சொல்லுங்கள். இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க முடிகிறதா என்று வீட்டுப் பிள்ளைகளை வைத்துச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். இதற்கு நான் காசு வாங்குவதில்லை.

8. சிலிண்டர் மாற்றுவதும் மாதாந்தரப் பராமரிப்பும்

சிலிண்டர் மாற்ற, கதவின் விளிம்பில் நாக்குக்குக் கீழே உள்ள நீளத் திருகைக் கழற்றி, சாவியைக் கொஞ்சம் மட்டும் திருப்பினால் நடுவிலிருக்கும் சிறகு உள்ளே மடங்கும், இழுத்தால் வந்துவிடும். திருகு ஓட்டையின் நடுவிலிருந்து இருபுறமும் தனித்தனியாக அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். 30-க்கு 40 மில்லிமீட்டர் தேவைப்படும் கதவுக்கு 35-35 போட்டால் மொத்த நீளம் ஒன்றுதான், ஆனால் ஒருபக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். வெளியே மூன்று மில்லிமீட்டருக்கு மேல் துருத்தினால் பிடித்து உடைக்க வசதியாகிவிடும்.

சாவி இறுக்கமாக இருந்தால் எண்ணெய் விடாதீர்கள். முதல் வாரம் வழவழவென்று போகும், அப்புறம் தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். கிராஃபைட் தூள் ஒரு சிட்டிகை போதும். பினாங்கில் கடலோரக் கட்டடம் பார்ப்பவர்கள் கைப்பிடி, கீல் எல்லாம் 316 வகை எஃகு கேட்டு வாங்குங்கள். 304 உப்புக் காற்றில் பழுப்பேறிவிடும்.

மாதம் ஒருமுறை படிக்கட்டுக் கதவுகள், பிரேக் கிளாஸ், பேட்டரி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சாவி எண்ணிக்கை, கார்டு பட்டியல். எதைச் செய்தாலும் தேதி, கதவு எண், கண்டது, செய்தது, கையெழுத்து. பொம்பா (தீயணைப்புத் துறை) சோதனைக்கு வரும்போது மேனேஜர் ஓடிவந்து கேட்பது இந்த நோட்டைத்தான்.

9. பணம் எப்போது வரும்

கொட்டேஷனில் பொருள் விலை, கூலி, உத்தரவாதக் காலம் மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். நிர்வாகம் பணம் தர 30 நாள் என்று சொன்னால் 45 என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். காசோலையில் கையெழுத்துப் போட இரண்டு குழு உறுப்பினர்கள் வேண்டும், ஒருவர் எப்போதும் வெளியூரில் இருப்பார். 500 வெள்ளிக்கு மேல் பொருள் வாங்க வேண்டியிருந்தால் பாதி முன்பணம் கேளுங்கள். கேட்க வெட்கப்பட்டு நான் சொந்தக் காசு 1,800 வெள்ளியைப் போட்டுவிட்டு இரண்டு மாதம் மோட்டார் சைக்கிள் தவணை கட்ட முடியாமல் நின்றேன். கழற்றிய பழைய பூட்டையும் பேட்டரியையும் படம் எடுத்து இன்வாய்ஸோடு இணைத்தால் கேள்வி குறையும்.

நீங்கள் விடுப்பில் போகும் முன், காவல் அறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டிவிட்டுப் போங்கள்: எந்தக் கதவுக்கு எந்தக் குறியீட்டுச் சாவி என்பதல்ல, காந்தக் கதவு விடாவிட்டால் எந்த ஸ்விட்சை அணைக்க வேண்டும், உறையிலிருக்கும் மாஸ்டர் சாவிக்கு யாரைக் கூப்பிட வேண்டும், உங்கள் இடத்தில் யார் வருவார். எங்கள் கட்டடத்தில் ராத்திரி ஜாகாக்கள் நேப்பாளிகள். அதனால் தாளை மலாயில் எழுதி, பக்கத்தில் ஸ்விட்சின் படத்தையும் ஒட்டி, ஒட்டிய அன்றே அவர்கள் இருவரையும் வைத்து ஒருமுறை அணைத்துப் பார்க்கச் சொன்னேன்.